நான்கு கல் இடத்தில் மூன்று

ஒன்பது அங்குலச் சுவர் என்றால் கொத்தனார் செங்கல்லைப் படுக்கவைத்து அடுக்குவார். அதே கல்லை விளிம்பில் நிறுத்தி, இரண்டு கற்களை எதிரெதிரே வைத்து, நடுவில் மூன்று அங்குலம் விட்டு, அடுத்து ஒரு கல்லைக் குறுக்கே வைத்தால் எலிப்பொறிக் கட்டு. சுவரின் தடிமன் அதே ஒன்பது அங்குலம்தான். உள்ளே மட்டும் வெற்றிடம்.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். கலவையையும் சேர்த்து ஒரு கல் 9 அங்குல நீளம், 4.5 அங்குல அகலம், 3 அங்குல உயரம். இந்தக் கட்டில் இரண்டு நெடுக்குக் கல்லும் ஒரு குறுக்குக் கல்லும் சேர்ந்து ஓரடி நீளச் சுவரை 4.5 அங்குல உயரத்துக்கு எழுப்பிவிடும். அதே அளவை வெற்றிடமில்லாமல் கட்டினால் நான்கு கல் வேண்டும். நான்கில் ஒன்று மிச்சம். பத்தடிச் சுவருக்கு நாற்பது வரி கட்டிய இடத்தில் ஏறத்தாழ இருபத்தேழு வரி போதும் என்பதால் கலவையும் குறைகிறது.

இந்தியாவில் இந்தக் கட்டைப் பரவலாக்கியவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர்; தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைக் கட்டடங்களை அமைக்க இந்தியா வந்து, இங்கேயே தங்கி, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். பெரிய அலுவலகம் வைத்து நடத்தியவரல்ல. பயன்படுத்திய தாள்களின் பின்பக்கத்தில் படம் வரைவார். மீதியைக் கட்டுமிடத்தில் கொத்தனார்களோடு நின்று முடிவுசெய்வார். திருவனந்தபுரத்தின் உள்ளூர் என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தைச் சுற்றி வந்தால் அவர் வேலையின் இலக்கணம் முழுவதும் புரியும். 1970-களில் எழுந்த அந்தச் செங்கல் கட்டடங்களில் பூச்சு இல்லை, வெள்ளை இல்லை.

அவருடைய எல்லா உத்திகளுக்கும் அடியில் ஒரே கேள்வி இருந்தது என்று நினைக்கிறேன்: இந்த இடத்தில் இந்தப் பொருள் ஏதாவது வேலை செய்கிறதா? சூளையில் செங்கல் வேக ஆயிரம் டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் தேவை. சிமெண்ட் உலைக்கோ 1,450 டிகிரி வரை வேண்டும். போதாததற்குச் சிமெண்டுக்கான சுண்ணாம்புக்கல்லும் சூட்டில் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. ஆகவே வேலை செய்யாத ஒரு கல்லைத் தவிர்த்தால் அதற்கான விறகும் நிலக்கரியும் எரியாமல் மிஞ்சும். மின்கட்டணத்தில் ஆண்டாண்டாகச் சேமிப்பதைப் பற்றிப் பேசுகிறோம். குடியேறும் முன்பே செலவாகிவிடும் இந்த எரிசக்தியை மறந்துவிடுகிறோம்.

வெற்றிடத்தால் குடியேறிய பிறகும் பயன் உண்டு. அசையாத காற்று செங்கல்லில் இருபதில் ஒரு பங்குகூட வெப்பத்தைக் கடத்தாது. குறுக்குக் கற்களின் வழியாக வெப்பம் கடக்கத்தான் செய்யும். சுவருக்குள் காற்றும் கொஞ்சம் சுழலும். ஆனாலும் மேற்கு வெயிலில் காயும் சுவர் உட்புறம் சூடாவது குறைந்து தாமதமாகிறது. சென்னை, மதுரை வீடுகளில் மாலை ஆறு மணிக்குமேல் சுவர் அனல் வீசுவதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கூரையிலும் இதே கேள்விதான். காங்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. பாரம் ஏறிய தளத்தின் மேற்பகுதி அழுந்துகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. கீழே இழுவையை ஏற்பது கம்பி. அங்குள்ள காங்கிரீட்டில் பெரும்பகுதி கம்பியைப் பற்றிக்கொண்டு சும்மா இருக்கிறது. பேக்கர் அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே மங்களூர் ஓடுகளை வைத்தார். சிமெண்ட் குறைந்தது, தளத்தின் எடையும் குறைந்தது. கூரையை அண்ணாந்து பார்த்தால் ஓடுகளின் வரிசையே அலங்காரமாகத் தெரியும். ஜன்னல்களின் இடத்தில் இடையிடையே கல்லை விட்டுக் கட்டிய ஜாலிச் சுவர்கள். மரச் சட்டமும் கண்ணாடியும் இல்லாமலே காற்று வரும், வெளிச்சம் உறுத்தாமல் வரும். கேரளத்தின் புழுக்கத்துக்கு அது பொருத்தம். மணல்காற்று வீசும் ஊரில் அப்படியே எடுத்துவைத்தால் வீடெல்லாம் புழுதிதான்.

இவ்வளவு நல்ல முறை ஏன் எல்லா ஊர்களுக்கும் பரவவில்லை? கட்டுச் செலவில் சதவீதமாகக் கூலி கணக்கிடும் ஒப்பந்தத்தில் செலவைக் குறைப்பவருக்கு வருமானமும் குறைகிறது. உள்ளே வெற்றிடம் என்றதும் வீட்டுக்காரருக்கு வரும் பயம் இன்னொரு காரணம். தரமான கல்லால், பொறியாளர் வடிவமைத்து ஒழுங்காகக் கட்டினால் இரண்டு மாடி வீட்டைத் தாங்க இந்தச் சுவருக்கு வலு உண்டு. நிலநடுக்கம் வரும் பகுதிகளில் மூலைகளின் வெற்றிடத்தில் கம்பி நிறுத்திக் காங்கிரீட் நிரப்புவார்கள். பேக்கரும் நண்பர்களும் 1985-இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பு இத்தகைய கட்டுமானத்தைத் தொடர்ந்து செய்துவருகிறது.

கட்ட நினைப்பவர்கள் முதலில் கல்லைப் பார்க்க வேண்டும். கோணல் கல் இதற்கு ஆகாது. பூசாமல் விடுவதால் அதை மறைக்க வழியில்லை. அடிவரியும் ஜன்னலுக்குக் கீழ் வரும் வரியும் வெற்றிடமில்லாமல் நிரந்து வர வேண்டும். மின்குழாய் செல்லும் வழியைக் கட்டும் முன்பே முடிவுசெய்து வெற்றிடத்துக்குள் விட்டுவிட வேண்டும். பிறகு சுவரைக் கொத்தக் கூடாது. கலவை உள்ளே விழாமலிருக்க, மூன்றங்குலப் பலகைத் துண்டை இடைவெளியின் மேல் வைத்துக் கலவை போட்டு, பிறகு பலகையை எடுத்து அடுத்த கல்லை வைப்பார்கள். கைபழக இரண்டொரு நாள் ஆகும். அந்த நாட்களில் கொத்தனாரை அவசரப்படுத்தாதீர்கள்.