பழைய சேமிப்புப் பெட்டியில் லினக்ஸ்: தொடங்க மறுத்தால் எங்கே பார்ப்பது?

ஒன்றிரண்டு ஹார்டு டிஸ்க்குகளைச் செருகி, நெட்வொர்க் கேபிளில் இணைத்துவிட்டால், அந்த இடத்திலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான அலமாரியாகப் பயன்படும் சிறு பெட்டியை நாஸ் என்கிறோம். வீட்டுப் பயன்பாட்டுக்கென்று விற்கப்பட்டவை இவை. எங்கள் மேல்நிலைப் பள்ளிக்கு அப்படி ஒன்றை முன்னாள் மாணவர் ஒருவர் கொடுத்திருந்தார். வினாத்தாள், விழாப் படங்கள் என்று எல்லாவற்றையும் அதில் போட்டு வைத்தோம். அவற்றைவிட முக்கியமானது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆண்டுதோறும் ஊர்ப் பெரியவர்களிடம் பதிவு செய்து வந்த தாலாட்டும் ஏற்றப்பாட்டும் விடுகதைகளும். பாடியவர்களில் சிலர் இன்று இல்லை.

ஆய்வகத்துக்குப் புதிய கணினிகள் வந்ததும் அந்தப் பெட்டி எந்தக் கணினியிலும் தெரியவில்லை. பெட்டி பழுதாகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். பழுது இல்லை. அது பேசும் மொழி எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறையின் முதல் பதிப்பு. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்ற தீநிரல் நுழைந்த வழி இந்த முதல் பதிப்புதான். அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் அது இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை. பெட்டியைத் தயாரித்தவர்களோ மேம்படுத்தல் தருவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். விண்டோஸில் பழைய நெறிமுறையை மீண்டும் இயக்கலாம் என்று இணையத்தில் பலர் வழி சொல்வார்கள். ஒரு பென்டிரைவ் எத்தனை வகுப்பறைகளைச் சுற்றி வருகிறது என்று அறிந்த ஆசிரியர் எவரும் அதைச் செய்ய மாட்டார். மிஞ்சிய வழி, பெட்டிக்குள் புது லினக்ஸ் போடுவது.

முதலில் வட்டுகளைக் கழற்றுங்கள்

லினக்ஸ் வேலையைத் தொடங்கும் முன் தரவு உள்ள வட்டுகளை வெளியே எடுத்துவிட வேண்டும். பெரும்பாலான நாஸ் பெட்டிகளுக்குள் ஏற்கெனவே ஓடுவதும் ஒருவகை லினக்ஸ்தான். வட்டுகளும் லினக்ஸின் மென்பொருள் ரெய்டு முறையில் அமைந்தவையே. ஆகவே ஆய்வகத்தில் லினக்ஸ் உள்ள எந்தக் கணினியிலும் அந்த வட்டை இணைத்து, எழுத முடியாத, படிக்க மட்டுமேயான நிலையில் திறந்து நகலெடுக்கலாம். பாஸ் லினக்ஸே போதும். அதுவும் டெபியன் வழி வந்ததுதான். பவர்பிசி செயலி கொண்ட சில பெட்டிகள் மட்டும் வட்டை 64 கேபி தொகுதிகளாகப் பிரித்திருக்கும். அதைச் சாதாரணக் கணினி நேரடியாகத் திறக்காது, வேறு கருவிகள் வேண்டும். வட்டு திறக்கவில்லை என்பதற்காக உடனே ஃபார்மட் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று சொல்வதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

பதிவுகளுக்கு இரண்டு நகல் எடுத்து, ஒன்றைத் தலைமையாசிரியர் அறைப் பீரோவில் வைத்த பிறகே எங்கள் பெட்டியின் மூடியைத் திறந்தோம்.

செயலி என்ன என்று தெரியாமல் எதுவும் நடக்காது

சாதாரணக் கணினியில் லினக்ஸ் போடுவதுபோல் ஒரே பென்டிரைவை எல்லா நாஸ் பெட்டிக்கும் செருக முடியாது. பல பெட்டிகளுக்குத் திரையும் இல்லை, பயாஸும் இல்லை. எங்கள் பெட்டியில் இருந்தது மார்வெல் நிறுவனத்தின் கிர்க்வுட் வகைச் சில்லு, 1.2 கிகாஹெர்ட்ஸ் வேகம், 256 எம்பி நினைவகம். இது ஆர்ம் குடும்பத்தின் ஐந்தாம் தலைமுறைக் கட்டளைத் தொகுப்பைச் சேர்ந்தது. டெபியனில் இதற்குரியது ஆர்மெல் என்ற பிரிவு. ஆர்ம்எச்எஃப் என்ற பிரிவுக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். பெயர்கள் இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதால் குழப்பம் எளிது. மாற்றிப் போட்டால், செயலி தனக்குத் தெரியாத கட்டளை வந்துவிட்டது என்று நின்றுவிடும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2025-இல் வந்த டெபியன் 13-இல் ஆர்மெல் பிரிவுக்கு நிறுவி கிடையாது. கிர்க்வுட் சில்லுக்கான கெர்னலும் கிடையாது. எங்கள் பெட்டிக்கு டெபியன் 12-தான் கடைசி.

பெட்டிக்கு வாய் கொடுத்தல்

லினக்ஸ் போட்ட பென்டிரைவைச் செருகி மின்சாரம் கொடுத்தால், விளக்கு சிமிட்டும். பிறகு ஒன்றும் நடக்காது. "சார், பெட்டி செத்துருச்சா?" என்று பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். விளக்கை மட்டும் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. பெட்டி தனக்குள் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். அதற்கான இடம் சுற்றுப் பலகையிலேயே இருக்கிறது: பல பெட்டிகளில் நான்கு ஊசிகள் கொண்ட சீரியல் இணைப்பு.

யுஎஸ்பி-டிடிஎல் மாற்றி என்று கேட்டால் மின்னணுக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். 3.3 வோல்ட் வகை வேண்டும். பழைய மேசைக் கணினியின் ஒன்பது ஊசி சீரியல் போர்ட்டை நேராக இணைக்கக் கூடாது. அதன் மின்னழுத்தம் சில்லை எரித்துவிடும். நான்கு ஊசிகளில் எது எது என்று கண்டுபிடிக்க இயற்பியல் ஆய்வக மல்டிமீட்டரே போதும். பெட்டி அணைந்திருக்கும்போது, யுஎஸ்பி துளையின் உலோக உறையோடு தொடர்ச்சி காட்டும் ஊசி தரை. இயக்கிய பின் 3.3 வோல்ட்டில் அசையாமல் நிற்பது மின்வழங்கல் ஊசி. அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். தொடங்கும் நேரத்தில் அளவு துள்ளித் துள்ளி விழுந்தால் அது பெட்டி பேசும் ஊசி. அதை மாற்றியின் கேட்கும் முனையோடும், மற்றதை மாற்றியின் பேசும் முனையோடும் குறுக்காக இணைக்க வேண்டும். ஒருவர் வாய் இன்னொருவர் காதுக்கு எதிரே இருந்தால்தானே பேச்சு.

கணினியில் புட்டி அல்லது பிகோகாம் மென்பொருளைத் திறந்து, வேகத்தை 115200 என்று வைத்தோம். எழுத்துகள் கொட்டத் தொடங்கின. அந்த மாணவி எழுந்தே நின்றுவிட்டாள். ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட், எட்டுத் தரவு பிட், முடிவு பிட் எனப் பத்து பிட். ஆக நொடிக்கு 11520 எழுத்து. தகவல் தொடர்பு பாடத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் மனத்தில் நிற்காத கணக்கு அன்று நின்றது.

எழுத்தே வராவிட்டால் பேசும், கேட்கும் முனைகளை மாற்றிப் பாருங்கள். எழுத்து வந்து அது கிறுக்கலாக இருந்தால் பெரும்பாலும் வேகம் தவறு, அல்லது தரை இணைப்பு தளர்வு.

செய்தி நின்ற இடமே நோயின் இடம்

பெட்டியில் முதலில் விழிப்பது யூ-பூட் என்ற சிறு நிரல். அது கெர்னலை எடுத்து நினைவகத்தில் வைத்து ஓடவிடும். கெர்னல் வட்டைத் தேடிப் பிடித்து மற்றவற்றைத் தொடங்கும். ஓட்டத்தில் தடி கைமாறுவதுபோல மூன்று கைமாற்றங்கள். திரையில் வந்த கடைசி வரியைப் பார்த்தால் தடி எந்தக் கையிலிருந்து விழுந்தது என்று தெரிந்துவிடும்.

யூ-பூட் எண்ணிக்கொண்டிருக்கும் சில நொடிகளுக்குள் ஏதேனும் ஒரு விசையை அழுத்தினால் அது நின்று கட்டளை கேட்கும். அங்கே முதல் வேலை, 'பிரிண்ட்என்வி' கட்டளை கொடுத்து வரும் அமைப்புகள் முழுவதையும் ஒரு கோப்பில் சேமிப்பது. பெட்டியின் நெட்வொர்க் அடையாள எண்கூட அந்தப் பட்டியலில்தான் இருக்கும். அடுத்து ஒரு நல்ல செய்தி: 'செட்என்வி' கொண்டு செய்யும் மாற்றங்கள், 'சேவ்என்வி' கொடுக்கும் வரை நிலைக்காது. மின்சாரத்தை அணைத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எனவே எல்லாவற்றையும் சேமிக்காமலே சோதித்துப் பார்த்து, பெட்டி முழுமையாகத் தொடங்கிய பிறகே சேமிக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் மாணவர்கள் கையில் விசைப்பலகையைத் துணிந்து கொடுக்கலாம்.

எங்களுக்கு முதலில் வந்தது, பென்டிரைவில் கோப்பு இல்லை என்ற செய்தி. கோப்பு இருந்தது, யூ-பூட்டுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. இன்றைய லினக்ஸ் கருவிகள் ஈஎக்ஸ்டி4 வடிவில் ஃபார்மட் செய்யும்போது 2016 வாக்கில் வந்த சில புது வசதிகளை இயல்பாகவே சேர்க்கின்றன. அதற்கும் முந்தைய யூ-பூட்டுக்கு அவை புரியாது. பென்டிரைவின் தொடக்கத்தில் ஒரு சிறு பகுதியை ஈஎக்ஸ்டி2 வடிவில் ஒதுக்கி, ஐநோடு அளவை 128 பைட்டாக வைத்து, கெர்னலை மட்டும் அதில் போட்டதும் படித்துவிட்டது. 128 பைட் என்றதும் ஃபார்மட் கருவி ஓர் எச்சரிக்கை காட்டும்: 2038-க்குப் பின்னுள்ள தேதிகளை இதில் எழுத முடியாது என்று. 1970 தொடக்கத்திலிருந்து எத்தனை நொடி கடந்தால் 31 பிட் நிரம்பும் என்பதை வீட்டுக் கணக்காகக் கொடுத்தேன்.

'பேட் மேஜிக் நம்பர்' என்று வந்தால், கெர்னலின் தலையில் யூ-பூட் எதிர்பார்க்கும் முத்திரை இல்லை என்று பொருள். எம்கேஇமேஜ் என்ற கருவி அந்த முத்திரையை இடும். 'பேட் டேட்டா சிஆர்சி' என்றால் முத்திரை சரி, உள்ளே சரக்கு சிதைந்திருக்கிறது. மீண்டும் நகலெடுக்க வேண்டும், அல்லது பென்டிரைவை மாற்ற வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது 'ஸ்டார்ட்டிங் கெர்னல்' என்ற வரிக்குப் பிறகு வரும் மௌனம். பிழைச் செய்தியே இல்லை. இங்கே கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு. நம் பள்ளிகளின் யுடைஸ் எண்ணைப்போல. யூ-பூட் அந்த எண்ணை மட்டும் சொல்லும். எந்த ஊசியில் விளக்கு, எங்கே வட்டு என்ற விவரமெல்லாம் கெர்னலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். பெட்டி வகைகள் பெருகப் பெருக அந்தப் பதிவேடு வீங்கிவிட்டது. பிறகு அந்த விவரங்களைத் தனிக் கோப்பாக்கி டிவைஸ் ட்ரீ என்று பெயரிட்டார்கள். கிர்க்வுட் வகைக்கான பழைய பதிவேடு 2014-ஐ ஒட்டி கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் பெட்டியிலுள்ள பழைய யூ-பூட்டுக்கு டிவைஸ் ட்ரீ என்றால் என்னவென்றே தெரியாது. எண்ணை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுகிறது. வரைபடம் இல்லாத கெர்னல் இருட்டில் நிற்கிறது. தீர்வு எளிமையானது: கெர்னல் கோப்பின் வாலில் நம் பெட்டிக்குரிய டிவைஸ் ட்ரீ கோப்பை ஒட்டி, அதன் பிறகு எம்கேஇமேஜ் முத்திரை இட வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. டெபியன் அறிந்த பெட்டியாக இருந்தால் ஃபிளாஷ்-கெர்னல் என்ற தொகுப்பு இதைத் தானே செய்துவிடும்.

மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கெர்னல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். சீரியல் வழியே பேசு என்று அதற்கு நாம் சொல்லியிருக்க மாட்டோம். யூ-பூட்டின் 'பூட்ஆர்க்ஸ்' வரியில் கன்சோல் பெயரும் 115200 வேகமும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கெர்னல் பேசத் தொடங்கி, முதன்மைப் பகுதியை ஏற்ற முடியவில்லை என்று நின்றால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று. யுஎஸ்பி சாதனங்கள் விழிக்கச் சில நொடி ஆகும். அதற்குள் கெர்னல் தேடிவிட்டு இல்லை என்கிறது. 'ரூட்டிலே' என்ற அமைப்பில் பத்து நொடி கொடுத்தால் போதும். ஹார்டு டிஸ்க்கைச் செருகியதும் பென்டிரைவின் பெயர் மாறுவதும் உண்டு. அதனால் பெயரால் சுட்டாமல் யுயுஐடி என்ற அடையாளத்தால் சுட்டுவது நல்லது. ஆனால் அதைப் புரிந்துகொள்ளத் தொடக்க நினைவகக் கோப்பான இனிட்ராம்எஃப்எஸ் உடன் ஏற்றப்பட்டிருக்க வேண்டும்.

மென்பொருள் அல்லாத நோய்கள்

எல்லாம் சரியான பிறகு, இரண்டு வட்டுகளையும் செருகியதும் பெட்டி தானே மீண்டும் மீண்டும் தொடங்கியது. லினக்ஸைச் சந்தேகிக்கத் தோன்றும். சீரியல் பதிவிலோ பிழை ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் வட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் வரி பாதியில் அறுந்தது. பிழைச் செய்தி இல்லாமல் அறுந்தால் மின்சாரத்தைப் பாருங்கள். பழைய 12 வோல்ட் அடாப்டர் சும்மா இருக்கும்போது சரியான அளவு காட்டியது. வட்டு சுழன்றதும் 11-க்குக் கீழே சரிந்தது. அதே அளவுள்ள வேறு அடாப்டரை மாற்றியதும் பிரச்சினை போயிற்று.

கடிகார மின்கலம் தீர்ந்திருந்தால் பெட்டி தன்னை 1970-இல் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அப்போது டெபியன் களஞ்சியத்தின் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மேம்படுத்தல் மறுக்கப்படும். நெட்வொர்க் கோளாறுபோலத் தோன்றும் இது, நாணய வடிவ மின்கலம் ஒன்றில் தீர்ந்துவிடும்.

இப்போது எங்கள் பெட்டியில் புதிய சம்பா ஓடுகிறது. ஆய்வகக் கணினிகள் அனைத்திலும் தாலாட்டுகள் திறக்கின்றன. 256 எம்பி நினைவகத்தில் மேம்படுத்தல் ஆமை வேகம்தான். டெபியன் 12-க்கு அப்பால் வழி இல்லாததால் அதை இணையத்துக்குத் திறந்து விடவில்லை, ஆய்வக வலைக்குள் மட்டுமே. பீரோவிலுள்ள நகலை ஒவ்வொரு பருவ இறுதியிலும் மாணவர் இருவர் புதுப்பிக்கிறார்கள். இதே வகைப் பெட்டி உங்களிடம் இருந்து, யூ-பூட்டே அழிந்து ஒரு வரிகூட வரவில்லை என்றாலும் தூக்கிப் போட வேண்டாம். கிர்க்வுட் சில்லின் உள்ளேயே எழுதப்பட்ட தொடக்க நிரல், சீரியல் வழியாக யூ-பூட்டை வாங்கிக்கொள்ளும். கேடபிள்யூபூட் என்ற கருவி அதை அனுப்பும். 512 கேபி கோப்புக்கு எத்தனை நொடி ஆகும் என்பதை மேலே சொன்ன 11520-ஐ வைத்து உங்கள் மாணவர்களே கணக்கிட்டுவிடுவார்கள்.