வெங்கட்டை இரண்டாவதாக எடுத்தது சரியா?

கடலூரில் ஒரு நண்பர், சிதம்பரத்தில் ஒரு நண்பர். ரஞ்சிக் கோப்பையில் மதராஸுக்கோ தமிழ்நாட்டுக்கோ என்றைக்காவது ஆடிய யாரையும் எடுக்கலாம். மாறி மாறி ஒவ்வொருத்தராகப் பதினோரு பேர். ஒரு விக்கெட் கீப்பரும் இரண்டு வேகப்பந்து வீச்சாளர்களும் கட்டாயம். இதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட விதி. எந்த அணி பலமானதுன்னு சொல்ற வேலை என்னுடையது. தோற்றவர் கொத்சுவோடு டிபன் வாங்கித் தரணும்.

இப்படிக் கற்பனை அணி கட்டும் விளையாட்டைப் பேஸ்பால்காரர்கள் ரொம்ப முன்னாடியே ஆடிப் பார்த்துவிட்டார்கள். 1980ல் டேனியல் ஓக்ரெண்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் நியூயார்க்கில் தொடங்கிய ஆட்டத்துக்கு, அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரையே வைத்து 'ரொட்டிசெரி' என்றார்கள். அவர்களிடமிருந்து நமக்குக் கிடைப்பது ஒரு கேள்வி: இவரை நான் எடுக்கலைன்னா, அதே இடத்துக்கு அடுத்து யார் கிடைப்பார்? அந்த வித்தியாசம்தான் ஒருவரின் மதிப்பு. ஷார்ட்ஸ்டாப் என்ற கடினமான இடத்தில் பந்து தடுப்பவர்களில் நன்றாக அடிப்பவர்கள் குறைவு. அதனால்தான் அங்கே நின்றவரும், எட்டு முறை பேட்டிங் சராசரியில் முதலிடம் பிடித்தவருமான ஹோனஸ் வாக்னருக்கு அவ்வளவு மவுசு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கடலூர்க்காரர் முதலில் அஸ்வினை எடுத்தார். யாரும் குறை சொல்ல முடியாது: 106 டெஸ்ட், 537 விக்கெட், கூடவே 6 சதம். ஒரே ஆள் இரண்டு இடத்தை அடைக்கிறார். அடுத்து வெங்கட்ராகவன், மூணாவது வி.வி.குமார். பெயர்களைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கும். முதல்தர ஆட்டங்களில் வெங்கட் 1,390 விக்கெட், குமார் 599.

சிக்கல் இங்கேதான். நம்ம மாநிலத்தில் ஸ்பின்னருக்குப் பஞ்சமே கிடையாது. அஸ்வினும் வெங்கட்டும் இரண்டு பேருமே ஆஃப் ஸ்பின் வேறு. நிஜத்திலேயே இது நடந்ததுதானே? பிரசன்னா இருந்ததால் வெங்கட் பல டெஸ்ட்களில் வெளியே உட்கார்ந்தார். குமாருக்கு 1961ல் ஆடிய இரண்டே டெஸ்ட்தான்.

அதற்குள் சிதம்பரத்துக்காரர் தினேஷ் கார்த்திக், பாலாஜி, முரளி விஜய் என்று போய்விட்டார். கார்த்திக் 26 டெஸ்ட். கீப்பர்களில் அவருக்குப் பின்னால் வரும் பரத் ரெட்டி 4 டெஸ்ட். பாலாஜி 8 டெஸ்ட். பெரிய எண் இல்லைதான். ஆனால் நம்ம வேகப்பந்து வீச்சாளர்களில் அது பெரிய எண். பிறகு சி.ஆர்.ரங்காச்சாரியையும் அவரே தூக்கிவிட்டார். கடலூருக்கு மிச்சம் டி.ஏ.சேகரும் நடராஜனும். சிதம்பரத்தின் ஸ்பின்னர்? கடைசி சுற்றுகளில் சும்மா கிடைத்தவர் எல்.சிவராமகிருஷ்ணன். 1984ல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக 12 விக்கெட் எடுத்தவர்!

பேட்டிங்கில் கடலூருக்கு ஸ்ரீகாந்த், சிதம்பரத்துக்கு டபிள்யூ.வி.ராமன். ராமன் ஆடியது 11 டெஸ்ட்தான் என்று கடலூர்க்காரர் சிரித்தார். வேறு காலத்து ஆட்களை டெஸ்ட் எண்ணிக்கையில் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். அவரவர் காலத்து ஆட்களோடு ஒப்பிடணும். பேப் ரூத் 1920ல் அடித்த 54 ஹோம் ரன்னுக்கு அர்த்தம் வருவது, அடுத்து வந்தவர் 19தான் அடித்தார் என்னும்போது. ராமன் 1988-89 ரஞ்சிப் பருவத்தில் 1,018 ரன் எடுத்து, ரூசி மோடி 1944-45ல் எடுத்த 1,008ஐத் தாண்டினார். நாற்பத்து நாலு வருஷம் யாராலும் முடியாதது.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது சிதம்பரத்தின் கடைசி ஆள்: ஏ.ஜி.ராம்சிங். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், ரஞ்சியின் முதல் ஆட்டம். மைசூர் 48க்கும் 59க்கும் சுருண்டது. ஒரே நாளில் கதை முடிந்தது. இடதுகை ஸ்பின்னரான ராம்சிங்குக்கு 35 ரன்னுக்கு 11 விக்கெட். பேட்டிங்கும் தெரிந்தவர். ஒரு டெஸ்ட்கூட ஆடாததால் இருபத்திரண்டாவது ஆளாகப் போனார். அவர் பிள்ளைகள் கிருபால் சிங், மில்கா சிங் இருவருமே டெஸ்ட் ஆடியவர்கள், அவருக்கு முன்னாலேயே போய்விட்டார்கள்! டெஸ்ட் எண்ணிக்கை என்பது தேர்வுக்குழு ஒருநாள் எடுத்த முடிவு. அதை நாம் திறமையின் அளவுகோலாகத் தூக்கிப் பிடிக்கிறோம்.

தீர்ப்பு: சிதம்பரம், கொஞ்ச வித்தியாசத்தில். கடலூர் ஒப்புக்கொள்ளவில்லை. "சேப்பாக்கத்துல வெச்சுப் பாருங்க, மூணு ஸ்பின்னரும் என்ன பண்றாங்கன்னு" என்கிறார். நியாயம்தான், அங்கே என் கணக்கு ஆட்டம் கண்டுவிடும். சிதம்பரத்துக்காரரோ மைதானத்தின் பெயரே எம்.ஏ.சிதம்பரம், அது எங்க ஊர் மைதானம் என்கிறார். அது ஊர்ப் பெயர் இல்லை, ஆள் பெயர். ஆனால் அந்த ஆளின் அப்பா அண்ணாமலைச் செட்டியார்தான் 1929ல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் என்று சொல்லித்தொலைத்தேன். இப்போது அவரும் சேப்பாக்கத்துக்குத் தயார்.