மணிபிளாண்டும் அதன் நீரும்

வீட்டினுள் வளரும் செடிகளில், மந்தாரக்குப்பத்துக் கடைகளிலும் நெய்வேலி நகரியத்துக் குடியிருப்புகளிலும் நெசவாளர் இல்லங்களிலும் ஒருங்கே காணப்படுவது மணிபிளாண்ட் ஒன்றேயாகும். விலை கொடுத்து வாங்கியவர் சிலரே. கிள்ளிக் கொண்டு வந்தவர்களே பலர். பிறர் வீட்டுக் கொடியை அவர் அறியாமல் கிள்ளி வந்து வைத்தால்தான் செல்வம் பெருகும் என்றொரு பேச்சும் வழங்கி வருகிறது. பிறர் கணக்கைத் தணிக்கை செய்யும் உத்தியோகத்திலுள்ள ஒருவன் இதனை ஆமோதிப்பதற்கில்லை. கேட்டு வாங்கி வைத்தாலும் கொடி அவ்வாறே தழைக்கும்.

இதன் தாயகம் தென் பசிபிக் கடலில் தாகித்திக்கு அருகிலுள்ள மூரெயா என்னும் சிறு தீவு. 1880-ஆம் ஆண்டில் இது முதன்முதலாகத் தாவர நூலோரால் விவரிக்கப்பட்டது. இக்கொடி பூப்பது மிக அரிது. ஆகவே இது விதையால் அன்றிக் கணுவினாலேயே உலகெங்கும் பரவியுள்ளது. கணுவில் முளைவிட்டிருக்கும் பழுப்பு நிறக் காற்றுவேரோடு நறுக்கி வைத்தால் சில வாரங்களில் வேர் இறங்கும். கணுவில்லாத இலை நீரில் நெடுநாள் பசுமையாய் நிற்குமேயன்றிக் கொடியாகாது. காட்டில் பெருமரத்தைப் பற்றி ஏறினால் இதன் இலை ஒரு மீட்டர் நீளம் வரை விரியும். நம் வீட்டில் உள்ளங்கை அளவோடு நிற்கிறது. தொங்க விடாமல், தென்னை நார் சுற்றிய கழியொன்றில் ஏற்றிவிட்டால் இலைகள் பெரியனவாகும்.

சன்னலை ஒட்டிய வெளிச்சம் இதற்கு உகந்தது. அக்கினி நட்சத்திர வெயில் நேரே பட்டால் இலை கருகும். மிக இருண்ட மூலையில் வைத்தால் சாகாது. ஆயின் இலையிலுள்ள மஞ்சள் வரிகள் மங்கி முழுப் பச்சையாகிவிடும். இலைமேல் தூசு படிந்தால் வெளிச்சம் உட்புகுவது குறையுமாதலால், ஈரத்துணியால் அவ்வப்போது துடைத்து வருதல் வேண்டும்.

வீட்டுக் காற்றை இக்கொடி தூய்மையாக்கும் என்று கூறி விற்போர் உளர். 1989-ஆம் ஆண்டு அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா வெளியிட்ட ஆய்வே இப்பேச்சிற்கு மூலம். அவ்வாய்வு காற்றுப் புகாத சிறு கூண்டுகளில் நடந்தது. 2019-ஆம் ஆண்டில் இத்தகைய ஆய்வுகள் பலவற்றை ஒருங்கே சீர்தூக்கிப் பார்த்த அறிஞர்கள், வீடுகளில் இயல்பாக நிகழும் காற்றோட்டத்தின் பயனை எட்டுவதற்கே ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டும் எனக் கண்டனர். அத்தனை செடிகளை வைத்தபின் தறிக்கு இடமிராது. கொடியைக் கண்ணுக்கு அழகாக வளர்ப்போம். காற்றுக்குச் சன்னலைத் திறப்போம்.

இக்கொடி பெரும்பாலும் அழிவது நீரின்மையால் அன்று, நீர் மிகுதியால். அடியிலைகள் மஞ்சளித்துத் தண்டு குழைந்தால் வேர் அழுகிற்று என்று அறியலாம். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றும் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நட வேண்டும். விரலை ஓர் அங்குலம் மண்ணில் நுழைத்துப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டுமே நீர் விடுக. இங்ஙனம் மண்ணில் வளர்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். காரணத்தைச் சற்று விரிவாகக் கூற வேண்டும.

நம்மவர் இதனைப் பெரும்பாலும் கண்ணாடிப் புட்டியிலோ ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ நீர் நிரப்பி வைக்கின்றனர், நீர் குறைந்தால் மேலே ஊற்றுகின்றனர், கொட்டி மாற்றுவதில்லை. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு நாடுவது சாக்கடையை அன்று. இத்தகைய தெளிந்து தேங்கிய நீரையே. முட்டை கொசுவாகிப் பறக்க நம் வெப்பத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாட்களே ஆகும். மேலும் இது பகலில் கடிக்கும் கொசு. குறிஞ்சிப்பாடி முதலிய ஊர்களில் குழித்தறியில் அமர்ந்து நெய்வோரை எண்ணிப் பாருங்கள். காலை முதல் மாலை வரை கால்கள் இருண்ட தறிக்குழிக்குள் இருக்கின்றன. கையோ நாடாவை விட்டு அகலுவதில்லை. இரவில் கட்டும் கொசுவலை இவருக்கு என்ன செய்யும்? காய்ச்சலில் பத்து நாள் படுத்தால் பாவு தறியிலேயே நிற்கும், கூலியும் நிற்கும். 2012-லும் 2017-லும் தமிழ்நாட்டில் டெங்கு பரவிய கொடுமையை நாம் மறந்திருக்க முடியாது.

ஆகையால் நீரில்தான் வளர்ப்போம் என்போர், வாரம் ஒரு நாள், ஞாயிறு என்றே வைத்துக்கொள்வோம், நீர் முழுவதையும் வெயில்படும் தரையில் கொட்டிவிட வேண்டும். அதுவும் போதாது. ஏடிஸ் கொசு தன் முட்டைகளை நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கிறது. அவை உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிர் தாங்கி, மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும். எனவே புட்டியின் உட்புறத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது. வேர்களையும் அலச வேண்டும். புட்டியில் விளிம்பு வரை மணலை நிரப்பி, மணலின் மேல் நீர் நில்லாதபடி ஈரமாக வைத்திருப்பதும் நல்ல முறையே. மண்தொட்டி வைத்திருப்போர் அதன் அடித்தட்டில் தேங்கும் நீரை மறத்தலாகாது. சிங்கப்பூரில் வீட்டினுள் கொசு உற்பத்தியாக இடமளிப்போர் தண்டம் செலுத்த நேர்கிறது. நம் மாநிலத்திலும் 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் இதன்பொருட்டு அதிகாரிகளுக்கு அதிகாரம் அளித்துள்ளது.

பயிரிடும் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. இக்கொடி சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. கருணையை நறுக்கும்போது கை அரிப்பதற்குக் காரணமான ஊசி போன்ற சுண்ணாம்புப் படிகங்கள் இதன் இலையிலும் தண்டிலும் உள்ளன. குழந்தை மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். ஆட்டிற்கும் கன்றிற்கும் அதே துன்பம் நேரும். ஆதலின் தவழும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இதனை வைத்து, நறுக்கிக் கழித்த கொடிகளை ஆடு மாடு மேயும் இடத்தில் போடாமல் குப்பைக்குழியில் இட்டு மண்ணால் மூடிவிட வேண்டும்.