துருப்பு எந்த நொடியில் துருப்பாகிறது? 28, 304 ஆட்டங்களின் நேர விதிகள்

சீட்டாட்டத்தில் வரும் சண்டைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒரு சீட்டுக்கு என்ன பலன் என்பதில் பெரும்பாலும் தகராறு வராது. அந்தப் பலன் எப்போது வரும் என்பதில்தான் குரல் உயரும். இதை ஆராய நம்ம பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது: மூடி வைத்த துருப்பு.

சிதம்பரத்தில் பி.இ. படித்தபோது விடுதியில் கேரள நண்பர்களிடம் கற்றது 28. கடலூரில் பக்கத்து வீட்டில் குடியிருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவரிடம் கற்றது 304. (அவர் துருப்பை 'துரும்பு' என்பார்.) இரண்டும் அக்கா தங்கை மாதிரி. ஆனால் துருப்பு வெளியே வரும் நேரத்தில் மட்டும் இரண்டுக்கும் ஒத்தே போகாது.

முதலில், இரண்டுக்கும் பொதுவானது

7 முதல் ஏஸ் வரை 32 சீட்டுகள். நால்வர் ஆடுவார்கள், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஒவ்வொரு இனத்திலும் பெரியதிலிருந்து சிறியதாக வரிசை: ஜாக்கி, 9, ஏஸ், 10, ராஜா, ராணி, 8, 7.

28இல் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் தலா 1 புள்ளி. ஓர் இனத்துக்கு 7, நான்கு இனத்துக்கு 28. 304இல் அதே வரிசைக்கு 30, 20, 11, 10, 3, 2, கடைசி இரண்டுக்கும் பூஜ்யம். ஓர் இனத்துக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. பேரே கணக்குதான்.

முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. ஏலம் கேட்டு, அதிகம் கேட்டவர் தன் சீட்டில் ஒன்றைத் துருப்பாகக் கவிழ்த்து வைப்பார். அது எந்த இனம் என்று அவருக்கு மட்டுமே தெரியும். பிறகு மீதி நாலு சீட்டு. (304இல் துருப்பைத் திறந்து வைத்து ஆடவும் வழியுண்டு. இங்கே பேசுவது மூடி ஆடுவதைப் பற்றி. வீட்டுக்கு வீடு விதி மாறும். கீழே வருவது நாங்கள் ஆடிய முறை.)

28: கேட்டால் திறக்கும்

இறங்கிய இனம் உங்கள் கையில் இல்லை என்றால் இரண்டு வழி. ஏதோ ஒரு சீட்டைச் சும்மா கழிக்கலாம். அல்லது "துருப்பைக் காட்டு" என்று கேட்கலாம். கேட்டால் உடனே, சுற்றின் நடுவிலேயே, துருப்பு திறக்கும். கேட்டவர் கையில் அந்த இனம் இருந்தால் அதைப் போட்டாக வேண்டும்.

புரோகிராமர் கண்ணுக்கு இது ஓர் இன்டரப்ட். ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு இதை முடித்த பிறகுதான் மற்றது.

இப்போது ஒரு சுற்றைப் பார்ப்போம். வரிசையாக அ, ஆ, இ, ஈ. அ-வும் இ-யும் ஒரு கட்சி. ஆ-வும் ஈ-யும் எதிர்க்கட்சி. துருப்பு வைத்தவர் ஈ. கவிழ்ந்திருக்கும் துருப்பு கிளாவர்.

அ ஆட்டின் 10 இறக்குகிறார். ஆ-விடம் ஆட்டின் இல்லை. கூட்டாளியின் ரகசியத்தை இப்போதே உடைப்பானேன் என்று, கேட்காமல் கிளாவர் ராணியைக் கழிக்கிறார். இ-யிடமும் ஆட்டின் இல்லை. அவர் கேட்கிறார், துருப்பு திறக்கிறது, கிளாவர். கிளாவர் 8 போட்டு வெட்டுகிறார். ஈ கையில் இருக்கும் ஒரே ஆட்டின் ஜாக்கி. வேறு வழியில்லை, போடுகிறார்.

சுற்று யாருக்கு? ராணி எட்டைவிடப் பெரியது. ஆனால் ராணி விழுந்தபோது கிளாவர் துருப்பு என்று அறிவிக்கப்படவில்லை. திறந்ததும் முன்தேதியிட்டு ராணியும் துருப்பாகுமா, ஆகாதா? ஆகும் என்றால் ஆ-வுக்கு, ஆகாது என்றால் இ-க்கு. சுற்றில் 4 புள்ளி, மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கு. ஏலமே இதில் கவிழ்ந்துவிடலாம்.

முன்தேதி கூடாது என்பதே என் கட்சி. காரணம், ஆ-வுக்குக் கேட்கும் உரிமை இருந்தது. கேட்காமல் விட்டதால் கூட்டாளியின் ரகசியத்தைக் காப்பாற்றும் லாபம் கிடைத்தது. அதோடு ராணிக்குத் துருப்பின் பலமும் கிடைத்தால், கேட்காமல் இருப்பதற்கு விலையே இல்லாமல் போகும். அப்புறம் யார் கேட்பார்கள்?

304: கடைசியில் திறக்கும்

இதே சீட்டுகளை 304இல் போடுங்கள். இறங்கிய இனம் இல்லாதவர் யாராக இருந்தாலும் சீட்டைக் கவிழ்த்துத்தான் போட வேண்டும். ஆ-வின் ராணியும் கவிழ்ந்து விழும், இ-யின் எட்டும் கவிழ்ந்து விழும். நால்வரும் போட்ட பிறகு, துருப்பு வைத்தவர் கவிழ்ந்தவற்றை எடுத்துப் பார்ப்பார். துருப்பு இருந்தால் சீட்டையும் காட்ட வேண்டும், மூடிய துருப்பையும் திறக்க வேண்டும். இல்லையென்றால் அவை கவிழ்ந்தபடியே போகும். இறங்கிய இனத்தில் பெரியது ஜெயிக்கும்.

இங்கே ராணியும் எட்டும் ஒரே நொடியில் துருப்பாகின்றன. எது முதலில் விழுந்தது என்ற கேள்விக்கே இடமில்லை. ராணி பெரியது, 42 புள்ளியும் ஆ-வுக்கு. இரண்டு பேருக்குமே கேட்கும் உரிமை கிடையாது என்பதால் இருவரையும் சமமாக நடத்துவதும் நியாயம்தான். நம்ம மொழியில் சொன்னால் இது பேட்ச்: வேலைகளைச் சேர்த்து வைத்துக் கடைசியில் ஒரே தடவையில் முடிப்பது.

இதற்கும் ஒரு விலை உண்டு. கவிழ்ந்த சீட்டைப் பார்ப்பவர் ஒருவர் மட்டுமே. அவர் நேர்மையை மற்ற மூவரும் நம்ப வேண்டும். அதனால் கவிழ்ந்த சீட்டுகளை ஆட்டம் முடியும்வரை கலைக்காமல் வைப்பது நல்லது.

மூன்றாவது வழி: அடுக்கு

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து 1993இல் வெளிவந்த 'மேஜிக்: தி கேதரிங்' சீட்டாட்டத்தில் இப்படித் தூண்டப்படும் பலன்கள் ஏராளம். ஒரே நொடியில் இரண்டு ஆட்டக்காரரின் சீட்டுகளும் தூண்டப்பட்டால்? 1999இல் வந்த ஆறாம் பதிப்பு விதிகள் இதற்கு ஓர் அடுக்கை வைத்தன. நிகழ்வு நடந்ததும் பலன் வந்துவிடாது. அடுத்து ஒருவருக்குச் செயல்படும் வாய்ப்பு வரும் கணம்வரை காத்திருந்து, பிறகு அடுக்கில் ஏறும். யாருடைய முறை நடக்கிறதோ அவருடையவை முதலில், எதிராளியுடையவை அவற்றின் மேல். தீர்ப்பது மேலிருந்து கீழே. ஆக, கடைசியில் ஏறிய எதிராளியின் பலன்தான் முதலில் நடக்கும். தட்டுகளை அடுக்கிவிட்டு மேல் தட்டை முதலில் எடுக்கிற மாதிரி.

28 உடனே குறுக்கிடுகிறது, 304 கடைசிவரை பொறுக்கிறது, மேஜிக் வரிசையில் நிற்க வைக்கிறது. மூன்றுமே சரியான விதிகள்தான். ஒன்றின் பாதியையும் இன்னொன்றின் பாதியையும் கலந்தால்தான் சிக்கல். 304 ஆடிப் பழகியவர் 28இல் உட்கார்ந்தால் 'ராணி ஜெயிக்கணுமே' என்பார். அவர் பொய் சொல்லவில்லை. வேறு கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஆகவே புது ஆட்களோடு உட்காரும்போது, சீட்டு கலைக்கும் முன்பே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். துருப்பு திறப்பது யார் விருப்பம், அல்லது தானாகவா? திறப்பது சுற்றின் நடுவிலா, முடிவிலா? திறக்கும் முன் அதே சுற்றில் விழுந்த சீட்டுக்கு அது பொருந்துமா? பதில் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. கையில் என்ன சீட்டு என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் வந்த பதிலாக இருந்தால் போதும். சீட்டைப் பார்த்த பிறகு எல்லாரும் வக்கீல்தான்.