மலைப்பாதையில் கியர் வண்டி

"கியர்பெட்டி போய்விட்டது" என்று பட்டறைக்காரர் சொல்லும் ஒரு வாக்கியம் போதும், தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் பல மாதச் சேமிப்பு கரைந்துவிடும். நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. கியர்பெட்டியை இறக்கி, பிரித்து, உள்ளுறுப்புகளை மாற்றிப் பூட்டுவதற்கு அந்தச் சம்பளத்துக்கு மேலும் கேட்கும் இடங்கள் உண்டு. வண்டியை விட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோட்டத்து லயத்திலிருந்து பெருஞ்சாலைக்கு வரவே சில இடங்களில் பல கிலோமீட்டர் ஆகிறது. ஆகவே, பட்டறைக்காரர் சொல்வது சரிதானா என்று ஓரளவேனும் நாமே சோதித்தறிய முடியுமா என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

முடியும். கேமரன் மலையில் "கியர் கோளாறு" என்று பட்டறைக்குப் போகும் வண்டிகளில் பலவற்றுக்குக் கியர்பெட்டியில் ஒரு குறையும் இராது. குறை கிளட்சில் இருக்கும். சில வேளைகளில் கிளட்சில்கூட இல்லாமல், அதை இழுக்கும் கம்பியில் மட்டும் இருக்கும். கம்பியைச் சரிசெய்வதற்கும் கியர்பெட்டியைப் பிரிப்பதற்கும் ஆகும் செலவில் எவ்வளவு வேறுபாடு என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

முதலில் கியர் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். முதுகில் கூடையோடு செங்குத்தான தேயிலைச் சரிவில் ஏறுகிறவர் காலை எட்டி எட்டி வைப்பதில்லை. சிறு சிறு அடியாக வைத்து ஏறுகிறார். அடிகள் அதிகம்; ஆனால் ஒவ்வோர் அடிக்கும் வேண்டிய பலம் குறைவு. சமதரைக்கு வந்ததும் நீளமாக நடை போடுகிறார். முதல் கியர் என்பது அந்தச் சிற்றடி. நான்காவது, ஐந்தாவது கியர்கள் அந்த நீள நடை. எஞ்சின் பலமுறை சுழன்று சக்கரத்தை ஒருமுறை சுழற்றுவதா, சிலமுறை சுழன்றே சுழற்றிவிடுவதா என்பதைப் பற்சக்கரங்களைக் கொண்டு மாற்றித் தருவதே கியர்பெட்டியின் வேலை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பற்சக்கரங்களை மாற்ற வேண்டுமானால், எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் உள்ள தொடர்பை ஒரு கணம் பிரித்தாக வேண்டும். அதற்குத்தான் கிளட்ச். எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரத்துக்கும், வில் பொருத்திய அழுத்தத் தட்டுக்கும் நடுவே, இருபுறமும் உராய்வுப் பொருள் ஒட்டிய ஒரு தட்டு இருக்கிறது. காலால் மிதித்தால் பிடி தளர்ந்து நடுத்தட்டு தனியாகிறது. காலை எடுத்தால் இறுக்கமாகப் பிடித்து எஞ்சினோடு சேர்ந்து சுழல்கிறது. பாதி மிதித்த நிலையில் என்ன ஆகிறது? பிடித்தும் பிடிக்காமலும் தேய்கிறது. இரு உள்ளங்கைகளையும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சூடு ஏறும். அந்தச் சூடுதான் கிளட்சுக்கு எமன்.

இப்போது நம் மலைக்கு வருவோம். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே போகிறோம், நெடுகிலும் வளைவுகள். ஏற்றம் மட்டும் என்றால் கிளட்சுக்குப் பெரிய கேடில்லை. தக்க கியரைப் போட்டுக் காலை எடுத்துவிட்டால், எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் தட்டு தேயாது. கேடு வருவது நெரிசலில். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வாரக் கடைசியிலும் பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்ம் சந்தைவரை வண்டிகள் எறும்பு வரிசையாக நிற்பதை நாம் அறிவோம். பிரேக்கில் காலை வைக்காமல், கிளட்சைப் பாதி மிதித்து, எண்ணெயையும் கொஞ்சம் கொடுத்து, வண்டி பின்னால் உருளாதபடி தாங்கிப் பிடித்துக்கொண்டு பலர் நிற்கிறார்கள். பார்ப்பதற்குச் சாமர்த்தியம்போல இருக்கும். ஆனால் ஒரே நாள் நெரிசலில், சமதரையில் பல நாள் ஓடினாலும் வராத தேய்மானம் வந்துவிடுகிறது. கைப்பிரேக்கை இழுத்துக் கியரை விடுவித்து நிற்பதே முறை. புறப்படும்போது முதல் கியரைப் போட்டுக் கிளட்சை மெல்ல விட வேண்டும். எஞ்சின் சத்தம் சற்றே தாழ்ந்து வண்டியின் முன்பகுதி லேசாக நிமிரும்போது கைப்பிரேக்கைத் தளர்த்தினால், ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாமல் ஏறிவிடலாம்.

இறக்கத்தில் வேறொரு பழக்கம் உண்டு. எண்ணெய் மிச்சமாகும் என்று கிளட்சை மிதித்தோ கியரை விடுவித்தோ ரிங்லெட்டிலிருந்து தாப்பாவரை உருட்டிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். இதில் மிச்சமாவது சொற்பம். பணயம் வைப்பதோ உயிரை. எஞ்சினின் தடுப்பு இல்லாமல் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. பிரேக் சூடேறினால் பிடி குறைந்துவிடும். ஏறிய அதே கியரில் இறங்கு என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வதில் பிழையில்லை.

பழைய ஓட்டுநர்கள் என்றதும் லேண்ட்ரோவர் நினைவுக்கு வராமல் போகுமா? 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த அந்த வண்டிதான் பல ஆண்டுகள் இம்மலையின் அடையாளமாக இருந்தது. தேயிலைத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் அது சுமக்காத சுமையில்லை. 1971இல் மூன்றாம் வரிசை வண்டி வரும்வரை, அதன் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கித் தரும் வளையம் கிடையாது. ஆகவே கியரைக் குறைக்கக் கிளட்சை இருமுறை மிதித்து, நடுவில் எஞ்சினை உறுமவிட்டு, காது கேட்டுப் போட வேண்டும். அவசரப்பட்டால் 'கர்ர்ர்' என்று கத்தும். சிவப்புக் குமிழ் வைத்த தனித் தண்டை மாற்றினால் எல்லாக் கியர்களும் இன்னும் மெதுவாகும். மழைநாளில் சேற்றுச் சரிவை நடந்துபோவது போல ஏறிவிடும். அவ்வண்டியை ஓட்டிப் பழகியவர்கள் கிளட்சை மதித்தவர்கள். இன்றைய வண்டிகளில் அந்த வளையம் எல்லா முன்கியர்களிலும் இருப்பதால் நமக்கு அந்தப் பயம் விட்டுப்போய்விட்டது.

இன்று தானியங்கிக் கியர் வண்டிகளே பெருகிவிட்டன. ஆனாலும் கைமாறிக் கைமாறிக் குறைந்த விலைக்கு நம் குடும்பங்களிடம் வந்து சேர்பவற்றில் கியர் வண்டிகள் ஏராளம். 1985இல் பிறந்த பழைய புரோட்டோன் சாகா, 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில் ஆகியவை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இவற்றில் கிளட்சை இழுப்பது ஒரு கம்பி.

சரி, கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஏற்றத்தில் எண்ணெய் கொடுத்தால் எஞ்சின் மட்டும் இரைகிறது, வேகம் கூடவில்லை, கருகிய வாடையும் வருகிறது என்றால் கிளட்ச் நழுவுகிறது என்று பொருள். ஐயமிருந்தால், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத சமதரையில் கைப்பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டுப் பாருங்கள். நல்ல கிளட்சானால் எஞ்சின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் நழுவுகிறது. இதை ஒருமுறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் தட்டும் போய்விடும்.

கியர் விழவே மாட்டேன் என்கிறது, பின்கியரைப் போட்டால் கத்துகிறது என்றால், எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். நின்ற நிலையில் எல்லாக் கியரும் சுலபமாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், பெரும்பாலும் கியர்பெட்டி நலமாகவே இருக்கிறது. கிளட்ச் முழுமையாகப் பிரியவில்லை, அவ்வளவுதான். கம்பி நீண்டிருக்கலாம். கம்பிக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வண்டியானால் அந்த எண்ணெய் கசிந்திருக்கலாம். நழுவும் கிளட்சிலும் முதலில் கம்பியைத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும். தட்டு தேயத் தேயக் கம்பி இறுகி, மிதியைத் தொடாதபோதே கிளட்சைச் சற்று இழுத்துப் பிடித்திருக்கும். கையேட்டில் சொன்ன அளவுக்குத் தளர்வு வைத்தாலே சில வண்டிகள் பிழைத்துக்கொள்ளும்.

உண்மையிலேயே கியர்பெட்டிக் கோளாறானால் அடையாளம் வேறு. ஒரே ஒரு கியர் மட்டும் ஓட்டத்தில் கழன்று விழும். அல்லது குறிப்பிட்ட ஒரு கியருக்கு மாற்றும்போது மட்டும் கத்தும். கியரை விடுவித்து நிற்கும்போது ஓர் இரைச்சல் கேட்டு, கிளட்சை மிதித்ததும் அது அடங்கினால், பெட்டிக்குள்ளிருக்கும் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது கிளட்சை விடுவிக்கும் பேரிங், கியர்பெட்டியைச் சேர்ந்ததன்று. இவற்றைக் குறித்துக்கொண்டு பட்டறைக்குப் போனால், "சார், எல்லாம் போச்சு" என்ற பேச்சு கொஞ்சம் நிதானப்படும்.

கிளட்ச் மாற்றத்தான் வேண்டும் என்றால், அங்கே செலவில் பெரும்பங்கு கூலி. தட்டை மாற்றுவதற்கே கியர்பெட்டியைக் கழற்றியாக வேண்டும். ஆகவே தட்டு, அழுத்தத் தட்டு, பேரிங் மூன்றையும் ஒருசேர மாற்றிவிடுவது நல்லது. பேரிங்கில் சில வெள்ளியை மிச்சம் பிடித்து, ஆறு மாதத்தில் மறுபடி முழுக் கூலியும் கொடுத்தால் அது சிக்கனமா? பழைய தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் எஞ்சினின் பின்புற எண்ணெய்த் தடுப்பு கசியக்கூடும். அதை மாற்றாமல் புதுத்தட்டு போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். பெட்டியே கெட்டுவிட்டதென்றால், பயன்படுத்திய பெட்டிகளை விற்கும் ஹாஃப்கட் கடைகளையும் விசாரிக்கலாம். எத்தனை மாத உத்தரவாதம் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும்.

புதுக்கார் வாங்கியவர்கள் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தை விட்டு வர முடிவதில்லை. உத்தரவாதம் போய்விடுமே என்ற அச்சம். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் கிளட்ச் தட்டைத் தேய்மானப் பொருளாகக் கருதி உத்தரவாதத்திலிருந்து விலக்கிவைப்பதே பெரும்பாலான கம்பெனிகளின் வழக்கம். உத்தரவாதப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள்; ஆங்கிலமோ மலாயோ சிரமமானால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். உத்தரவாதம் முடிந்த வண்டிக்குக் கம்பெனி நிலையம் கேட்கும் தொகையையும், மலையில் நல்ல பெயரெடுத்த பட்டறை கேட்கும் தொகையையும் எழுத்தில் வாங்கி ஒப்பிட வேண்டும். வேலை தொடங்கிய பிறகு புதிதாக எதையாவது மாற்ற வேண்டுமானால் நம்மைக் கேட்ட பிறகே மாற்ற வேண்டும் என்றும், கழற்றிய பழைய உறுப்புகளை நம்மிடமே தந்துவிட வேண்டும் என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாற்றப்பட்டால்? 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சேவை செய்பவர் தக்க கவனத்தோடும் திறனோடும் செய்ய வேண்டும் என்றும், விலை முன்கூட்டிப் பேசப்படாதிருந்தால் நியாயமான விலைக்கு மேல் நாம் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்றும் அது சொல்கிறது. குடும்பத் தேவைக்கான வண்டி என்றால் இச்சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 2019இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு 50,000 வெள்ளிவரை கோரலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை; பொதுவாக அனுமதியும் இல்லை. ஆகவே எதிர்த்தரப்பும் வழக்கறிஞரை முன்னால் நிறுத்தி நம்மை மிரட்ட முடியாது. சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். மன்றத்தின் தீர்ப்பை 14 நாட்களுக்குள் நிறைவேற்றாவிட்டால் அதுவே குற்றம். கேமரன் மலை பகாங்கைச் சேர்ந்தது. மாநிலத் தலைநகரான குவாந்தானோ நமக்கு வெகுதூரம். அதனால் சோர்ந்துவிட வேண்டாம், மனுவை இணையத்தின் வழியாகவும் பதிவு செய்யலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குத் தமிழிலேயே எழுதி ஆலோசனை கேட்கலாம். மனுவோடு மதிப்பீட்டுத் தாள், ரசீது, வண்டியை இழுத்து வந்த லாரியின் ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். கழற்றிய பழைய தட்டை ஒரு அரிசிப் பையில் சுற்றி, வண்டியின் பதிவு எண்ணையும் தேதியையும் எழுதி வைத்திருங்கள். விசாரணை நாளில் அதையும் கையோடு எடுத்துப் போகலாம்.