விற்பனைச் செய்திகளின் வரிசை

2014 அக்டோபர் 6ஆம் தேதி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபிளிப்கார்ட் நிறுவனம் ஒருநாள் தள்ளுபடி விற்பனை நடத்திற்று. மக்கள் ஒரே சமயத்தில் மொய்த்தமையால் இணையதளம் திணறியது. ஏற்கப்பட்ட ஆர்டர்கள் சில ரத்தாயின. மறுநாள் நிறுவனர்கள் மன்னிப்புக் கோரினர்.

இத்தகைய நெரிசலைச் சமாளிக்கக் கணிப்பொறி வல்லுநர் கையாளும் சாதனங்களுள் ஒன்று ‘செய்தி வரிசை’. தபால் பெட்டி போன்றது அது. ஆர்டர் பதிவானதும் அதன் விவரம் இருப்புக் கணக்கு, பில், கிடங்கு ஆகிய ஒவ்வொரு பிரிவுக்குமுரிய வரிசையில் இடப்படும். பிரிவுகள் தத்தம் வேகத்தில் அதனை எடுத்துக்கொள்ளும். ஒன்று நின்றுபோயினும் செய்தி காத்திருக்கும். (இல்லாத சரக்கை எவ்வரிசையும் உண்டாக்கித் தாராது என்பது வேறு.) வேலை முடிந்ததென ஒப்புகை கிடைத்த பின்னரே செய்தி நீக்கப்படும். ஒப்புகை வழியில் தொலைந்தாலோ, அதே செய்தி மறுமுறையும் வரும். ஆதலின் ஒவ்வோர் ஆர்டருக்கும் தனி எண் இட்டு, அவ்வெண் முன்பே பதிவாகியுள்ளதா எனச் சோதித்தல் இன்றியமையாதது. இன்றேல், ஒரு சேலை கேட்டவருக்கு இரண்டு பார்சல்கள் புறப்பட்டுவிடும்.