ஆயிரம் ரூபாய் ஃபைனா, ரெண்டு மணி நேர வகுப்பா? காதர்பேட்டை வேகத்தைப் பற்றி ஒரு குறிப்பு

காதர்பேட்டைக்குள்ள யாரும் 60-ல வண்டி ஓட்ட முடியாது. ஸ்டேஷன் பக்கத்துச் சந்துகளில் பனியன் பண்டலோட நிக்கிற எக்ஸ்எல், ஆட்டோ, சின்ன யானை எல்லாத்தையும் தாண்டி வெளியே வரவே நேரம் ஆயிடும். அங்கே தொலைச்ச நேரத்தை அவிநாசி ரோட்டுலயோ ஊத்துக்குளி ரோட்டுலயோ பிடிக்கப் பார்க்கும்போதுதான் ஓவர்ஸ்பீடு வருது. அதாவது, வேகம் உருவாகிற இடம் ஒண்ணு, மாட்டுகிற இடம் வேற.

மாட்டினால் என்ன ஆகும்? பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தது ஃபைன் மட்டும்தான். ஆனால் சட்டத்துல ஒரு வகுப்பும் இருக்கு.

சட்டம் சொல்றது

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவுப்படி, இலகுரக வண்டிக்கு வேக மீறல் அபராதம் 1000 முதல் 2000 ரூபாய் வரை. நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2000 முதல் 4000 வரை. இதோட 206-வது பிரிவையும் சேர்த்துப் படிக்கணும். வேக மீறலில் பிடிபட்டவரின் லைசென்ஸைப் போலீஸ் கைப்பற்றி, லைசென்ஸ் கொடுத்த அதிகாரிக்கு அனுப்பலாம். அதைக் கொஞ்ச காலத்துக்கு முடக்குவதா, ரத்து செய்வதா என்று அவர் 19-வது பிரிவின் கீழ் முடிவு செய்வார்.

முடக்கிய காலம் முடிஞ்சா லைசென்ஸ் தானா கைக்கு வந்துடாது. ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்தால்தான் திருப்பித் தரணும் என்பது 2019 திருத்தத்தில் சேர்ந்த விதி. நம்ம ஊர்ச் சட்டத்துல "டிக்கெட்டுக்கு அப்புறம் வகுப்பு" என்பது இதுதான்.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் நம்ம பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருக்கார். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகள் பற்றி 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டார். அந்த வழக்கில்தான் 2014-ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2015-ல் அந்தக் குழு எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது இது: ஓவர்ஸ்பீடுக்குக் குறைந்தது 3 மாதம் லைசென்ஸ் முடக்கம், ஹெல்மெட், சீட் பெல்ட் போடாதவர்களுக்குக் குறைந்தது 2 மணி நேரம் சாலைப் பாதுகாப்பு வகுப்பு.

வகுப்பால் பலன் உண்டா?

இதுக்குப் பதில் தேட இங்கிலாந்து வசதியான ஊர். அங்கே வரம்பைக் கொஞ்சமா மீறினவங்க, அபராதமும் லைசென்ஸில் புள்ளிகளும் வாங்குவதற்குப் பதிலா, காசு கட்டி வேக விழிப்புணர்வு வகுப்பில் உட்காரலாம். 14 லட்சம் ஓட்டுநர்களின் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியாச்சு. வகுப்புக்குப் போனவர்கள் அடுத்த 6 மாதத்தில் மறுபடி மாட்டுவதற்கான வாய்ப்பு, அபராதம் கட்டினவர்களைவிட 12 முதல் 23 சதவீதம் வரை குறைவு. ஆனா விபத்துகள் குறைந்ததா என்பதை அந்த ஆய்வால் உறுதியாகக் காட்ட முடியலை. பலன் உண்டு, அளவாத்தான் உண்டு.

அபராதத்தால் முடியாத எதை வகுப்பு செய்யுது? என் கணிப்பு இது: ஃபைனை வேற யார் வேணும்னாலும் கட்டலாம். ஓனர் அதை டீசல், டோல் மாதிரி வண்டிச் செலவில் எழுதிடலாம். வகுப்பில் ஓட்டினவர்தான் உட்காரணும்.

வகுப்பில் போட வேண்டிய ஒரு கணக்கு

6 கி.மீ. தூரம் போகணும்னு வைங்க. 40-ல் போனால் 9 நிமிஷம். 60-ல் போனால் 6 நிமிஷம். மிச்சம் 3 நிமிஷம், அதுவும் சிக்னலே இல்லாட்டி.

இப்போ குறுக்கே ஒருத்தர் வர்றார். பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடின்னு வெச்சுக்குவோம். 40-ல் வர்ற வண்டி அதுக்குள்ள 17 மீட்டர் ஓடியிருக்கும். பிரேக் பிடிச்சு இன்னும் 9 மீட்டரில் நின்னுடும். மொத்தம் 26 மீட்டர். 60-ல் வர்ற வண்டிக்கு அந்த ஒன்றரை நொடிக்கே 25 மீட்டர் போயிடும். அதாவது முதல் வண்டி நின்னுட்ட இடத்துல, ரெண்டாவது வண்டி அப்போதான் பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்குது. அது நிக்க மொத்தம் 45 மீட்டர் வேணும். இதெல்லாம் காய்ந்த ரோடு, நல்ல பிரேக் இருந்தால். லோடு ஏத்தின வண்டி, மழை, தேஞ்ச டயர்னா இன்னும் மோசம்.

நாட்டுக் கணக்கும் இதைத்தான் சொல்லுது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 70 சதவீதத்துக்கு மேல் ஓவர்ஸ்பீடு என்று பதிவானவை. அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

யார் வகுப்புக்குப் போகணும்?

சாயங்காலம் லாரி புக்கிங் ஆபீஸ் மூடுறதுக்குள்ள பண்டலைச் சேர்க்கணும். "பத்து நிமிஷத்துல போயிருங்க தம்பி" என்று சொல்றவர் கடையிலேயே இருப்பார். போற தம்பிக்கு லேட்டானா பேச்சு, வேகமா போனா ஃபைன்.

அதே 183-வது பிரிவை முழுசாப் படிச்சா இதுக்கும் பதில் இருக்கு. வேகமா ஓட்டுறது மட்டும் குற்றமில்லை. தன்னிடம் வேலை செய்றவரை வேகமா ஓட்ட வைப்பதும் குற்றம். வேக வரம்பை மீறாமல் முடிக்க முடியாத ஒரு பயணத்தை, இத்தனை நேரத்துக்குள்ள முடின்னு ஒருத்தர் உத்தரவு போட்டால், அந்த உத்தரவையே அவருக்கு எதிரான முதல்நிலைச் சாட்சியமா எடுத்துக்கலாம்னு நாலாவது உட்பிரிவு சொல்லுது.

அதனால வகுப்பு வேண்டாம்னு நான் சொல்லலை. அந்த 26, 45 மீட்டர் கணக்கு ஸ்டியரிங் பிடிக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். ஆனா பாடம் கேட்டுட்டு மறுநாள் வேலைக்கு வர்ற தம்பிகிட்ட பழைய பத்து நிமிஷத்தையே திரும்பக் கொடுத்தா, அந்த ரெண்டு மணி நேரம் வீண். சரக்கை அரை மணி நேரம் முன்னாடி கட்டி அனுப்பினால் ரோட்டுல பாதிப் பிரச்சனை குறையும். அதுக்கு ஒரு வகுப்பு வெச்சா, பின் பெஞ்சில் ஓனருக்கும் ஒரு இடம் போடணும்.